கேள்விக்காரருக்கு ஒரு பூசை

அந்த மனிதர் ஒருவரா, இரண்டு பேரா என்று இன்றைக்குக் கேட்டாலும் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது.

போன மாதம் மார்த்தாண்டத்தில் ஒரு கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்து நின்றபோது, என்னோடு வேலை பார்த்த பிள்ளைகள் இரண்டு பேர் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். இப்போதெல்லாம் பழைய புத்தகப் பக்கத்தைக் காட்டினால் கம்ப்யூட்டரே வாசித்து, யார் பேசியது என்று பெயரும் போட்டுவிடுகிறதாம். "நாம கெடந்து அடிச்சோமே அண்ணே, அத ஒண்ணு எழுதி வையுங்க. ஒருத்தனுக்கும் ஓர்மை இருக்காது" என்றார்கள். சரி என்று உட்கார்ந்தால், அத்தனை வருட வேலையில் எனக்கு ஓர்மை வருவது ஒரே ஒரு வெள்ளைக்காரர்தான். அதுவும் ஒருவரா இரண்டு பேரா என்று தெரியாத வெள்ளைக்காரர்.

எனக்கு ஊர் அருமனை. படிப்பு முடிந்த கையோடு நாகர்கோவிலில் ஓர் அச்சகத்தில் புரூப் பார்க்கச் சேர்ந்தேன். கல்யாணக் கார்டு, சபை அறிக்கை, கல்லூரி ஆண்டு மலர், யாராவது காசு போட்டு அச்சடிக்கும் ஆங்கிலப் பிரசங்கம் என்று என் இளமை அதிலேயே போனது. இரண்டாயிரத்து நாலில் அச்சகத்தை மூடினார்கள். ஆங்கிலம் தெரியும், கண்ணும் நன்றாக இருக்கிறது என்று மார்த்தாண்டத்தில் ஒரு டேட்டா என்ட்ரி கம்பெனியில் எடுத்துக்கொண்டார்கள். கீழே ரப்பர் ஷீட் வாங்கும் கடை, மேலே நாங்கள். அந்த நாற்றத்தோடுதான் இங்கிலாந்து பாராளுமன்றத்தை நான் முதன்முதலில் பார்த்தேன்.

வேலை இதுதான். நூறு, நூற்றைம்பது வருடங்களுக்கு முன் அந்தப் பாராளுமன்றத்தில் பேசியதையெல்லாம் அவர்கள் புத்தகமாகப் போட்டிருந்தார்கள். அந்தப் பக்கங்களைப் படம் பிடித்து அனுப்புவார்கள், நாங்கள் எழுத்தெழுத்தாக அடித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். அந்த ஊர்க்காரன் பேசியதை அந்த ஊரிலேயே அடிக்காமல் ரப்பர் கடை மாடியில் எதற்கு அடிக்கிறார்கள் என்பது எனக்கு முதல் குழப்பம். கேட்டேன். லண்டன்காரன் யாருக்கோ கொடுத்தான், அவன் சென்னைக்குக் கொடுத்தான், சென்னைக்காரன் நமக்குக் கொடுத்தான் என்றார்கள். பக்கங்களும் முழுசாக வராது. ஒரு கட்டு எங்களுக்கு வந்தால் அடுத்த கட்டு வேறு எந்த ஊருக்கோ போய்விடும். ஒரு மந்திரி பதில் சொல்ல எழுந்திருப்பார், அதோடு கட்டு முடிந்துவிடும். அவர் என்ன சொன்னார் என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

ஒரே பக்கத்தை இரண்டு பேர் தனித்தனியாக அடிப்பார்கள். ஒருவர் அடித்தது இன்னொருவருக்குத் தெரியாது. இரண்டையும் கம்ப்யூட்டர் ஒத்துப் பார்த்து, பொருந்தாத இடத்தைச் சிவப்பில் காட்டும். அந்தச் சிவப்பைப் பார்த்து எது சரி என்று தீர்ப்புச் சொல்வது என் வேலை. அதோடு, பேச்சு தொடங்கும் இடத்தில் பேசிய ஆளின் எண்ணைப் போட வேண்டும். ஒவ்வோர் உறுப்பினருக்கும் ஓர் எண் கொடுத்திருந்தார்கள். ஆள் யார் என்று பக்கத்திலிருந்து தெரியாவிட்டால் பூஜ்ஜியம் போட்டுவிட வேண்டும். கேட்க எளிதாக இருக்கும். ஆனால் அந்தக் காலத்து எழுத்தர்கள் 'நான் சொல்கிறேன்' என்று எழுத மாட்டார்கள், 'அவர் சொன்னார்' என்றுதான் எழுதுவார்கள். அவர் அவரைப் பற்றிச் சொல்ல, அதற்கு அவர் எழுந்து, அவர் சொன்னதை அவர் மறுக்க, எந்த அவர் எந்த அவர் என்று எனக்கு மண்டை காய்ந்துபோகும்.

எங்கள் மேலாளர் வில்பிரட் சார். மஸ்கட்டில் பல வருடம் ஆபீஸ் வேலை பார்த்துத் திரும்பியவர். கையில் எப்போதும் ஒரு ஸ்டீல் ஸ்கேல் இருக்கும். சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. நாம் ஏதாவது சந்தேகம் கேட்டால் மெதுவாக நடந்து வருவார், திரையில் அந்த வரிக்கு அடியில் ஸ்கேலை வைப்பார், "பக்கத்துல என்ன இருக்கு?" என்று கேட்பார். நாம் வாசிப்போம். "அப்போ அதத்தான் அடிக்கணும்" என்பார். ஸ்கேலை எடுத்துக்கொண்டு போய்விடுவார். என் குழப்பங்களில் பாதிக்கு அது பதிலே இல்லை. ஆனால் அவர் போன பிறகு கேட்பதற்கு ஒன்றும் மிச்சம் இருக்காது.

ஜெசிந்தா பெரிய அலை வந்ததற்கு அடுத்த வருடம் சேர்ந்தாள். முட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர். அவள் அப்பா வள்ளம் கரையேறும்போது அலையில் கவிழ்ந்து இறந்தவர். அதுவும் நடுக்கடலில் இல்லை, கரையில் நிற்பவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே. புருஷனும் அதே கரையில் இருந்துதான் கடலுக்குப் போகிறான். ஒரு தூண்டில் வளைவு வேண்டும் என்று அந்த ஊர் கேட்டுக்கொண்டே இருந்தது. கடலுக்குள் கல்லைக் கொட்டி வளைத்துக் கட்டுவார்களே, அந்தத் தடுப்பு. அது இருந்தால் உள்ளே தண்ணீர் அடங்கி நிற்கும், வள்ளம் மோதாமல் கரையேறும். சாலை மறியல், கலெக்டர் ஆபீஸ் முன்னால் உட்காருவது என்று எல்லாம் செய்து பார்த்துவிட்டார்கள். கல்தான் வரவில்லை.

வேலை அறைக்குள் செல்போன் கூடாது. வாசலில் ஒரு பெட்டியில் போட்டுவிட்டு வர வேண்டும். ஆனி, ஆடி மாதங்களில் கடல் கலங்கிக் கிடக்கும்போது மட்டும் ஜெசிந்தாவின் போனை வில்பிரட் சார் தன் மேசையில் வைத்துக்கொள்வார். யாரும் கேட்டு அவர் செய்யவில்லை. புருஷன் கரை சேர்ந்து போன் அடித்ததும் எழுந்து வருவார். அவள் மேசையில் ஸ்கேலை வைத்து, "கரை அடைஞ்சாச்சு" என்பார். அவ்வளவுதான். அதுவரை அவள் அடித்த பக்கத்திலும் பிழை இருக்காது, அதற்குப் பிறகு அடித்ததிலும் இருக்காது. எப்படித்தான் முடிந்ததோ அந்தப் பெண்ணுக்கு.

கேள்விக்காரர் என்று நாங்கள் பெயர் வைத்த அந்த வெள்ளைக்காரர், அவளுக்கு வந்த பக்கங்களில்தான் முதலில் வந்தார். அவருடைய நிஜப் பெயரை நான் எழுதப் போவதில்லை. வேலையில் சேரும்போது வெளியே வாய் திறக்க மாட்டோம் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறோம். செத்து நூறு வருடத்துக்கு மேல் ஆனவரைப் பற்றி என்ன ரகசியம் என்று எனக்கு விளங்கவில்லை, ஆனாலும் கையெழுத்து கையெழுத்துதான்.

மதியச் சோற்று நேரத்தில் ஜெசிந்தா வந்து கேட்டாள்.

"அண்ணே, ஒரு ஆளு எழும்பி, ஒரு கடக்கரையில பெண்டாட்டிமாரு பாத்துட்டு நிக்கும்போளே ஆம்பளைமாரு முங்கிச் செத்தாவ, அது மந்திரிக்குத் தெரியுமாண்ணு கேக்காரு. நான் வாசிச்சது செரிதானா?"

போய்ப் பார்த்தேன். சரிதான். துறையோ தடுப்போ இல்லாத ஒரு மொட்டைக் கடற்கரை. அங்கே ஒரு கல் தடுப்புக் கட்டித் தர அரசுக்கு எண்ணம் உண்டா என்று கேட்டிருந்தார். விஷயம் கவனத்தில் இருக்கிறது என்று மந்திரி சொல்லியிருந்தார்.

"கவனத்துல இருக்காமா?" என்றாள் ஜெசிந்தா. "அங்ஙனயும் இதே பேச்சுதானா?"

அன்று முதல் அவர் எங்கள் ஆள் ஆகிவிட்டார். அர்த்தம் பார்த்து அடித்தால் வேகம் குறையும், எழுத்தை மட்டும் பார் என்றுதான் பிள்ளைகளுக்குப் பயிற்சி. ஆனால் அவர் பெயர் வந்தால் மட்டும் யாரும் எழுத்தோடு நிற்க மாட்டார்கள். யாருடைய பக்கத்தில் வந்தாலும் ஜெசிந்தாவுக்குச் சொல்லிவிடுவார்கள். சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நான் தமிழில் சொல்ல வேண்டும். உப்பு வரி பற்றிக் கேட்டிருப்பார், உயிர்காக்கும் படகு பற்றிக் கேட்டிருப்பார், சுற்றிச் சுற்றிக் கடைசியில் அந்தக் கல் தடுப்புக்கே வந்துவிடுவார். சபையில் சிரிப்பு என்று அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கும். "எதுக்கு அண்ணே சிரிக்கானுவ?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். எனக்கென்ன தெரியும்? ஒரு தடவை அவர் நீளமாகப் பேசிக்கொண்டிருக்கும்போதே, உள்ளே நாற்பது பேர் இல்லை என்று ஒருத்தர் எழுந்து சொல்ல, எண்ணிப் பார்த்துவிட்டுச் சபையையே கலைத்துவிட்டார்கள். பேச்சு பாதியில் நிற்கிறது. அப்படி ஒரு சட்டமாம். அன்றைக்கு ஜெசிந்தா சோறே தின்னவில்லை.

"மக்கா, அது நடந்து நூறு வருசத்துக்கு மேல ஆச்சு. இப்போ கோவப்பட்டு என்ன செய்ய?" என்றேன்.

"நூறு வருசமா கெட்டாமலா இருப்பாவ? கெட்டினாவளா இல்லியாண்ணு மட்டும் எனக்குத் தெரியணும்" என்றாள்.

வருடக்கணக்காக எங்களுக்கு அந்த ஒரு கேள்விதான். கட்டினார்களா இல்லையா? கட்டுகள் முன்னும் பின்னுமாக வந்தன. ஒரு நாள், அவருடைய தொகுதிக்குப் புதிதாக வேறொருவர் சத்தியப்பிரமாணம் செய்த பக்கம் வந்தது. பொதுத்தேர்தல் இல்லை, நடுவில். ஏன் என்று சொல்லும் பக்கம் வேறு ஊருக்குப் போயிருந்தது. எங்களுக்கு அதில் சந்தேகமே வரவில்லை. நம் ஊரில் நடுவில் இடைத்தேர்தல் வந்தால் என்ன அர்த்தம்? ஆள் போய்விட்டார் என்றுதானே அர்த்தம்? அறை முழுக்க ஒரு மாதிரி ஆகிவிட்டது.

வில்பிரட் சார் வந்தார். ஸ்கேலை வைத்தார். "ஆளு செத்தாருண்ணு பக்கத்துல இருக்கா?"

"இல்ல சார். இடைத்தேர்தல் நடந்திருக்கு" என்றேன்.

அவர் தாடையைத் தடவினார். "அப்போ செரிதான்" என்றார். பக்கத்தில் இல்லாததை அந்த மனிதர் நம்பியதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

மறுநாள் ஜெசிந்தா ஊர்க் கோயிலில் அவர் ஆத்துமாவுக்கு ஒரு பூசை வைக்க வேண்டும் என்றாள். அவள் கத்தோலிக்கப் பெண், நான் புராட்டஸ்டன்ட். எங்கள் சபையில் இறந்தவருக்காக ஜெபிக்கும் வழக்கம் கிடையாது. போனவர் போனவர்தான். கேள்விக்காரரும் அப்படிப்பட்ட சபையைச் சேர்ந்தவராகத்தான் இருந்திருப்பார் என்று அவளிடம் சொன்னேன்.

"அவரும் உங்க கூட்டமா? அப்போ இத்தன காலமா அவருக்கு ஒரு பூசைகூட யாரும் வச்சிருக்க மாட்டாவ" என்றாள். "பின்னே நாமதானே வைக்கணும்?"

நானும் போனேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், கடல் சத்தத்துக்கு நடுவே ஒலிபெருக்கியில் அந்த வெள்ளைக்காரப் பெயரைப் பாதர் தட்டுத்தடுமாறி வாசித்தார். கோயிலில் தலைகள் திரும்பின. வெளியே வந்ததும் ஒரு அம்மா, "யாரு ஏட்டி அது? ஒனக்கு வெள்ளக்கார சொந்தம் எப்போ வந்துது?" என்று பிடித்துக்கொண்டாள். "நம்ம கடலுக்குக் கல்லு கேட்ட ஆளு" என்றாள் ஜெசிந்தா. அந்த அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. சிலுவை போட்டுக்கொண்டாள். நான் எப்போது எழ வேண்டும், எப்போது முழங்கால் போட வேண்டும் என்று தெரியாமல் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துப் பார்த்துச் செய்தேன்.

அதற்குப் பிறகு மேல்சபைப் பக்கங்கள் வரத் தொடங்கின. பிரபுக்களின் சபை. அங்கே எல்லாருக்கும் ஊர்ப் பெயர்கள்தான், மனிதப் பெயர் கிடையாது. ஓர் ஆடி மாதம். மழை இல்லை, காற்று மட்டும் ஜன்னலைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது. காலையிலிருந்து ஜெசிந்தாவின் போன் அடிக்கவில்லை. என் திரையில் ஒரு பக்கம் வந்தது. நடுவில் மூன்று வரி முழுவதும் சிவப்பு. ஒருவர் அடித்திருக்கிறார், இன்னொருவர் அப்படியே விட்டிருக்கிறார். விட்டது யார் என்று பார்த்தேன். ஜெசிந்தா.

அவள் ஒரு காற்புள்ளிகூட விட்டவள் இல்லை. என்ன இது என்று மூலப் பக்கத்தை வாசித்தேன். ஒரு பிரபு பேசுகிறார். சின்னச் சின்னக் கடற்கரையில் எல்லாம் கல்லைக் கொட்டுவது வீண், மணல்தான் வந்து அடையும், அரசுப் பணத்தை இப்படிக் கடலில் போடக் கூடாது, மீன்பிடிக்கிறவர்கள் பெரிய துறைமுகத்துக்குப் போய்ப் பிழைத்துக்கொள்ளட்டும் என்கிறார். ஊர்ப் பெயரையும் சொல்கிறார். அதே கடற்கரை. இதுவரை இரண்டு பேரும் அடித்திருந்தார்கள். அடுத்த மூன்று வரிதான் சிவப்பு. தனக்கு அந்த மக்கள் மேல் இரக்கம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது, ஏனென்றால் கீழ்ச்சபையில் இருந்த காலத்தில் வருடாவருடம் அந்தத் தடுப்பைக் கேட்டவரே தான்தான், அப்போது விவரம் போதவில்லை, இப்போது தெளிவு வந்துவிட்டது என்கிறார்.

திரும்பத் திரும்ப வாசித்தேன். அந்தக் கரைக்காகக் கேட்டவர் ஒருவர்தான். அவர் சாகவில்லை. பிரபுவாகி, பெயர் மாறி, மேல்சபைக்கு ஏறிப் போயிருக்கிறார், அதற்குத்தான் அந்த இடைத்தேர்தல். நாங்கள் பூசை வைத்த ஆள் உயிரோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார். இது என்ன கூத்து?

அவள் மேசைக்குப் போனேன்.

"ஜெசிந்தா, கண்ணு தப்பிச்சிற்றா?"

"இல்லண்ணே. பாத்துட்டேதான் விட்டேன்."

தெரிந்தே ஒரு வரியை விட்டால் அன்றைக்கே வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அது எல்லாருக்கும் தெரியும். "கண்ணு தப்பிச்சிற்றுண்ணு சொல்லு மக்கா, நான் செரி பண்ணிருகேன்" என்று காதுக்குள் சொன்னேன்.

"அத எனக்க கையால அடிக்க முடியாது" என்றாள். கை இரண்டையும் மடியில் வைத்திருந்தாள்.

நிமிர்ந்தால் பின்னால் வில்பிரட் சார் நிற்கிறார். எவ்வளவு கேட்டார் என்று தெரியவில்லை. ஸ்கேலை எடுத்து அந்த மூன்று வரிக்கு அடியில் வைத்தார்.

"பக்கத்துல என்ன இருக்கு மக்களே?"

அவள் வாசித்தாள். சத்தமாக, நிறுத்தி நிறுத்தி, ஒரு சொல் விடாமல். பக்கத்து மேசைகளில் தட்டுகிற சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. வில்பிரட் சார் வழக்கமாகச் சொல்வதைச் சொல்லவில்லை. ஸ்கேலை எடுக்கவும் இல்லை. அப்படியே நின்றார். அவள் முகத்தைத் துடைத்துவிட்டு அந்த மூன்று வரியை அடித்தாள்.

அவர் ஸ்கேலை எடுத்துக்கொண்டு தன் மேசைக்குப் போய்விட்டார். எனக்குத்தான் வேலை மிச்சம் இருந்தது. எண் போட வேண்டும். பிரபுவின் பெயருக்கு எங்களிடம் எண் இல்லை. மனசு வைத்தால், ஆள் தெரியவில்லை என்று பூஜ்ஜியம் போட்டுவிடலாம். அந்த மூன்று வரியை வைத்து முடிவு செய்ய எனக்கு அதிகாரம் உண்டா என்று சென்னைக்குச் சந்தேகம் எழுதிவிட்டு, வருகிற பதிலைப் பார்த்துக்கொள்ளலாம். எதைச் செய்தாலும் கேள்விக்காரர் எங்கள் கேள்விக்காரராகவே கொஞ்ச காலம் இருப்பார். அவளுக்கும் ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன்.

"பூஜ்ஜியம் போடட்டுமா?" என்று கேட்டேன்.

என்னை அவள் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

"எதுக்கு? பூஜ்ஜியம் போட்டா அவரு தப்பிச்சிருவாரு. கல்லு கேட்டதுக்கு நல்ல பேரு அவருக்கு. தடுத்ததுக்கு ஆளே இல்லண்ணு ஆயிரும். ஒரே நம்பரு போடுங்க. நாளைக்கு வாசிக்கவங்களுக்குத் தெரியட்டும்."

போட்டேன். கேள்விக்காரரின் அதே எண். அதற்குப் பிறகும் எனக்கு மனசு கேட்கவில்லை.

"அப்போ நாம வச்ச பூசை?"

"அது கேள்வி கேட்ட ஆளுக்கு வச்சது" என்றாள். "அவரு செத்துதானே போனாரு. பூசை ஒண்ணும் வீணாப் போவல்ல."

சாயங்காலம் வில்பிரட் சார் எழுந்து வந்தார். அவள் மேசையில் ஸ்கேலை வைத்தார். "கரை அடைஞ்சாச்சு" என்றார். ஜெசிந்தா மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதாள். அது புருஷனுக்காகவா, கேள்விக்காரருக்காகவா என்று எனக்குத் தெரியவில்லை.

அந்தத் தடுப்பைக் கடைசியில் கட்டினார்களா என்பது எங்களுக்குக் கிடைத்த எந்தக் கட்டிலும் இல்லை. அந்த ஒப்பந்தம் முடிந்தது, வேறு வேலை வந்தது. இரண்டாயிரத்துப் பதிமூன்றில் நான் ஓய்வு பெற்றேன். அதற்குப் பிறகும் நடக்கப் போகும்போதெல்லாம் அதைத்தான் நினைத்துக்கொண்டிருப்பேன். கீழ்ச்சபையில் இருந்த அத்தனை வருடமும் அவர் நடித்தாரா? மேலே போனபிறகு நடித்தாரா? அல்லது இரண்டு இடத்திலும் மனசாரத்தான் பேசினாரா? எதை நினைத்தாலும் ஒன்றோடு ஒன்று பொருந்தவில்லை. இரண்டு பேர் அடித்த பக்கம் போல நடுவில் ஒரே சிவப்பு. இதற்கு ஸ்கேல் வைக்க இப்போது வில்பிரட் சாரும் இல்லை, மகனோடு மஸ்கட் போய்விட்டார்.

ஓய்வு பெற்று இரண்டு மூன்று வருடம் கழித்து ஜெசிந்தா போன் செய்தாள். அவள் ஊர்க்காரர் ஒருவரை எனக்கும் தெரியும். தூண்டில் வளைவுக்காக முன்னால் நின்று கத்தியவர், போலீஸ் வண்டியில் ஏறியவர், அவளுடைய கல்யாணத்துக்குப் பந்தல் போட்டவர். அவருக்கு ஏதோ ஒரு வாரியத்தில் பதவி கிடைத்திருக்கிறதாம். முந்தின நாள் ஊர்க் கூட்டத்துக்குக் காரில் வந்து மேடையில் பேசினாராம்.

"என்ன பேசினாரு?" என்றேன்.

"கல்லு போட்டா மணலு அடையுமாம் அண்ணே. இன்னும் ஆய்வு செய்யணுமாம். நாமெல்லாம் விவரம் இல்லாம கேட்டுட்டோமாம்."

அவள் பக்கத்தில் கடல் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"இண்ணைக்குக் காலைல கோயிலுக்குப் போயி அவரு பேருக்கு ஒரு பூசை சொல்லிட்டு வந்தேன்" என்றாள். "பாதர் எழுதிட்டே வந்தவரு பேரக் கேட்டதும் பேனாவ வச்சிட்டாரு. ஆளு நேத்துகூட நல்லாத்தானே இருந்தாரு, எப்போ போனாருண்ணு கேக்காரு."

"நீ என்ன சொன்ன?"

"நேத்துதான் பாதர், மேடையில வச்சிண்ணு சொன்னேன்."